கலிஃபோர்னியாவுல காட்டு கூஸ்பெரி பாக்கணுமா? எந்தக் காடு, எந்த மாசம், என்ன பேப்பர், எவ்ளோ செலவு

கலிஃபோர்னியாவுக்கு புதுசா வந்து, வீக்எண்ட் ஹைக்கிங் போக ஆரம்பிச்சு, "இங்க காட்டுல கூஸ்பெரி தானா வளருதாமே, எங்க இருக்கு"ன்னு கேக்கறவங்களுக்காக இத எழுதறேன். நான் இதுக்காக நிறைய அலைஞ்சிருக்கேன். தகவல் எல்லாமே இருக்கு, ஆனா ஒண்ணு ஒரு சைட்ல, இன்னொண்ணு ரேஞ்சர் ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல, இன்னொண்ணு சட்டப் புத்தகத்துலன்னு சிதறிக் கிடக்கு. ஒரே இடத்துல தமிழ்ல இருந்தா நல்லா இருக்குமேன்னுதான்.

இது நம்ம ஊர் நெல்லிக்கா மரம் இல்ல, அது வேற குடும்பம். இது ரைபீஸ்னு ஒரு இனம், இடுப்பு உசரம் தலை உசரம் வளர்ற முள்ளுப் புதர். கலிஃபோர்னியாவுல இது ஒரு வகை இல்ல, கடலோரத்துலேர்ந்து 10,000 அடி மலை வரைக்கும் ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு வகை இருக்கு. அதனால செடியைத் தேடிப் போகாதீங்க, அது இருக்கற மாதிரி இடத்தைத் தேடிப் போங்க. சரிவு எந்தப் பக்கம் பாக்குது, மேல என்ன மரம் நிக்குது, பக்கத்துல என்ன புதர் இருக்கு, இந்த மூணும் புடிபட்டா செடி தானா கண்ணுல படும்.

1. முதல் நாள் காட்டுக்குப் போகாதீங்க, கார்டனுக்குப் போங்க

சான் ஃபிரான்சிஸ்கோ சுத்துவட்டாரமான பே ஏரியாவுல இருந்தா பெர்க்லி மலை மேல டில்டன் பார்க்குக்குள்ள ரீஜனல் பார்க்ஸ் பொட்டானிக் கார்டன்னு ஒண்ணு இருக்கு. உள்ள போறதுக்கு காசு கிடையாது. கலிஃபோர்னியா செடிங்க மட்டும்தான் வெச்சிருக்காங்க, அதையும் மாநிலத்தோட பகுதி வாரியா பிரிச்சு, சியரா நெவாடா மலை ஒரு மூலை, ரெட்வுட் ஒரு மூலை, தெற்கு ஒரு மூலைன்னு, செடிக்கு செடி பேர்ப்பலகையோட. எந்த கூஸ்பெரி எந்த மரத்துக்குக் கீழ வளரும்னு ஒரே மத்தியானத்துல கண்ணால பாத்துடலாம். எல்.ஏ. பக்கம்னா க்ளேர்மான்ட்ல இருக்கற கலிஃபோர்னியா பொட்டானிக் கார்டன், நடுவுல இருக்கறவங்களுக்கு சாண்டா பார்பரா பொட்டானிக் கார்டன், இந்த ரெண்டும் டிக்கெட்.

ஜனவரி கடைசியிலேர்ந்து மார்ச்சுக்குள்ள போயிடுங்க. பூ இருந்தாதான் ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசம் மனசுல நிக்கும்.

2. கூஸ்பெரியா, கரன்டா? கணுவைப் பாருங்க

ரைபீஸ் இனத்துல ரெண்டு கூட்டம். முள்ளு இருந்தா கூஸ்பெரி, இல்லன்னா கரன்ட் (மின்சாரம் இல்ல, இதுவும் ஒரு பெரிப் புதர்தான்), தொண்ணூறு சதவீதம் இதுவே போதும். (மேல மலையில வர்ற ஒண்ணு ரெண்டு வகை கொஞ்சம் குழப்பும், அத அப்புறம் பாத்துக்கலாம்.) முள்ளு ரோஜா மாதிரி தண்டு பூரா ஏனோதானோன்னு இருக்காது. இலை கிளம்பற கணுவுல, இலைக்குக் கீழ, பெரும்பாலும் மூணு முள்ளு ஒண்ணா விரிஞ்சு நிக்கும். இலை சின்னது, கட்டைவிரல் நகம் அளவுலேர்ந்து ரெண்டு விரல் அகலம் வரை, மேப்பிள் இலை மாதிரி பிளவு பிளவா இருக்கும். பூ ஜிமிக்கி மாதிரி கீழ பாத்து தொங்கும், வெளி இதழ் மேல மடங்கிக்கும், உள்ள இருக்கற இதழ், பெரும்பாலும் வெள்ளை, குழல் மாதிரி எட்டிப் பாக்கும்.

பே ஏரியாவுல எல்லாரும் குழம்பற ஜோடி ஹில்சைட் கூஸ்பெரியும் கேன்யன் கூஸ்பெரியும். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால லேசா தொட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு ஒரு வாசனையும் வந்தா அது கேன்யன். ஒட்டலன்னா ஹில்சைட். கேன்யன்ல கணுவுல இருக்கற முள்ளு போக தண்டு பூரா சின்னச் சின்ன குத்துமுடி இருக்கும், ஹில்சைட்ல கணுவுக்குக் கணு நடுவுல தண்டு சுத்தமா இருக்கும். இத ஒரு தடவை கையில பாத்துட்டா மறக்காது. ஆனா தொடறதுக்கு முன்னாடி கீழ 7-ஐ படிச்சிடுங்க, ரொம்ப முக்கியம்.

3. உங்க வீட்டுக்குப் பக்கத்துல எந்தக் காடு இருக்கு?

இதுதான் விஷயமே, பொறுமையா படிங்க.

ரெட்வுட் காடும் பனிமூட்டப் பள்ளத்தாக்கும்: சாண்டா க்ரூஸ் மலைத்தொடர், மரின் கவுன்டி பக்கம். இங்க கேன்யன் கூஸ்பெரி. ஆனா ரெட்வுட் மரத்துக்கு நேர் கீழ, இருட்டுல தேடினா கிடைக்காது, அங்க வெறும் ஃபெர்ன்தான். வெளிச்சம் விழற ஓரம் வேணும்: டிரெய்ல் வெட்டின மண்சரிவு, மரம் விழுந்த இடைவெளி, காடு முடிஞ்சு புதர் ஆரம்பிக்கற எல்லை. பே லாரல், டான்ஓக், ஹேசல், திம்பிள்பெரி இதெல்லாம் கலந்து நிக்கற இடத்துல நடையை ஸ்லோ பண்ணுங்க. ஓடைக்கரையில, வில்லோவும் ஆல்டரும் இருக்கற ஈரத்துல, ஸ்ப்ரெடிங் கூஸ்பெரின்னு இன்னொண்ணு வரும். கிளை வில் மாதிரி வளைஞ்சு மண்ணைத் தொடும், பழத்துல முள்ளே இருக்காது, கறுப்பா வழவழன்னு இருக்கும்.

ஓக் காடும் சாப்பரலும்: மவுன்ட் டயாப்லோ, ஹென்றி கோ ஸ்டேட் பார்க், டயாப்லோ மலைத்தொடர் முழுக்க. இங்க ஹில்சைட் கூஸ்பெரி. சாப்பரல்னா முழங்காலுக்கு மேல அடர்த்தியா வளர்ந்து கிடக்கற காஞ்ச புதர்க்காடு. புதுசா வர்றவங்க செய்யறது என்னன்னா, வெயில் படற தெற்குச் சரிவுல சமீஸ் புதருக்குள்ள புகுந்து தேடிட்டு ஒண்ணும் இல்லன்னு திரும்பிடுவாங்க. வடக்கு பாத்த சரிவு, இல்ல கிழக்கு பாத்தது, அங்க போங்க. கோஸ்ட் லைவ் ஓக், பே லாரல் நிழல் முடியற ஓரத்துல, டோயான், காஃபிபெரி, ஸ்னோபெரி கூட்டத்துக்கு நடுவுல இருக்கும். ஃபோன்ல காம்பஸ் ஆப் திறந்து சரிவு எந்தத் திசைன்னு பாத்தீங்கன்னா பாதி வேலை முடிஞ்சது.

இன்னும் உள்நாட்டுப் பக்கம், ப்ளூ ஓக்கும் க்ரே பைனும் தள்ளித் தள்ளி நிக்கற புல்வெளிக் காட்டுல ஓக் கூஸ்பெரி வரும். அதுக்கு மட்டும் மஞ்சள் பூ, சின்னது, சீக்கிரமே பூத்து முடிஞ்சிடும்.

தெற்கு, கடலோர சேஜ் புதர்: சாண்டா மோனிகா மலை, சான் டியாகோ. இங்கதான் ஃப்யூஷா ஃப்ளவர்ட் கூஸ்பெரி, என் கணக்குல எல்லாத்துலயும் அழகு இதுதான். ரத்தச் சிவப்புல நீளமா கிளை பூரா வரிசையா தொங்கும், கேசரம் பூவைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். மத்ததுக்கெல்லாம் அஞ்சு இதழ் கணக்கு, இதுக்கு நாலு. ஹம்மிங்பேர்ட் வராம இருக்காது. வடக்கே சாண்டா கிளாரா கவுன்டி வரைக்கும்தான் இயற்கையா வளருது, அங்கேர்ந்து தெற்கே மெக்ஸிகோவோட பாஹா கலிஃபோர்னியா வரை. கலிஃபோர்னியா சேஜ்பிரஷ், பிளாக் சேஜ், லெமனேட்பெரி, லாரல் சுமாக் எல்லாம் இருக்கற மலையில நிழல் விழற பள்ளத்தைப் பாருங்க. ஒரு எச்சரிக்கை: கோடை வந்தா இலையைக் கொட்டிடும். ஆகஸ்ட்ல போனா செத்துப் போன முள்ளுக் கட்டு மாதிரி இருக்கும், பக்கத்துலயே நின்னுட்டு "இங்க இல்லையே"ன்னு திரும்பி வந்தவங்களை எனக்குத் தெரியும்.

சியரா நடுமலை: சுமார் 4,000 அடியிலேர்ந்து 8,000 அடி. பான்டெரோசா பைன், சுகர் பைன், வொயிட் ஃபர், இன்சென்ஸ் சீடர் கலந்த காடு, ஹைவே 4-ல ஆர்னால்ட், கலவேராஸ் பிக் ட்ரீஸ் பக்கம், ஹைவே 108, 120 ரெண்டு பக்கமும். இங்க சியரா கூஸ்பெரி. பழத்தைப் பாத்தா பயந்துடுவீங்க, சிவப்பு உருண்டை பூரா நீட்டு நீட்டு முள்ளு. காடு திறந்த இடம், ரோடு ஓரம், மரம் வெட்டின இடம், எரிஞ்ச இடம் இதெல்லாம் இதுக்குப் பிடிக்கும். ரைபீஸ் விதை மண்ணுக்குள்ள வருஷக்கணக்குல தூங்கிக் கிடந்து, தீ வந்து மேல இருக்கற நிழலும் சருகும் போனதும் முளைக்கற சாதி. அதனால 2013-ல ரிம் ஃபயர் எரிச்ச ஸ்டானிஸ்லாஸ் காட்டுப் பக்கம் மாதிரி பழைய எரிஞ்ச சரிவுகளைத் தேடிப் போறது நல்ல வழி. ஆனா காத்தடிக்கற நாள்ல எரிஞ்ச காட்டுக்குள்ள நடக்காதீங்க, பட்டுப்போன மரம் சொல்லாம விழும். புதுசா எரிஞ்ச இடம்னா ஃபாரஸ்ட் க்ளோஷர் ஆர்டர் (உள்ள போகத் தடை) இருக்கான்னு அந்த நேஷனல் ஃபாரஸ்ட் சைட்ல பாத்துட்டுத்தான் கிளம்பணும், மீறினா ஃபைன்.

மேல் மலை: 9,000 அடிக்கு மேல, சோனோரா பாஸ், டியோகா பாஸ் பக்கம். லாட்ஜ்போல் பைனும் வொயிட்பார்க் பைனும் குட்டையா நிக்கற இடத்துல, பாறைச் சரிவுக் கல் இடுக்குல, முழங்கால் உசரத்துக்கு மவுன்டன் கூஸ்பெரி. பூ ஜிமிக்கி கணக்கு இல்ல, தட்டு மாதிரி திறந்து ஆரஞ்சும் பிங்க்கும் கலந்து இருக்கும், பழம் சிவப்பு, மேல பிசுபிசு முடி. இங்க இன்னொரு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கணும். வொயிட் பைன் பிளிஸ்டர் ரஸ்ட்னு ஒரு பூஞ்சை நோய், அது வாழ்க்கையில ஒரு பாதி அஞ்சு ஊசி பைன் மரத்துலயும் இன்னொரு பாதி ரைபீஸ் இலையிலயும் ஓட்டும். கோடைக் கடைசியில இலைக்கு அடியில ஆரஞ்சுத் தூள் மாதிரி பாத்தீங்கன்னா அது அதுவா இருக்கலாம், கிள்ளி எடுத்து இன்னொரு இடத்துக்கு கொண்டு போகாதீங்க. வொயிட்பார்க் பைனை 2022-ல அழியும் ஆபத்துல இருக்கற இனங்களோட பட்டியல்ல சேத்துட்டாங்க, அந்த நோயும் ஒரு பெரிய காரணம்.

மலைக்கு அந்தப் பக்கம்: ஹைவே 395, மோனோ ஏரிப் பக்கம். சேஜ்பிரஷும் பின்யான் பைனும் ஜூனிப்பரும் இருக்கற வறண்ட நிலத்துல டெஸர்ட் கூஸ்பெரி. இலை குட்டியா தடியா இருக்கும், முள்ளு முரட்டு முள்ளு. பாக்கறதுக்கு ஒண்ணும் பெருசா இல்லதான், டியோகா போறப்ப வழியில பாத்துக்கோங்க, இதுக்குன்னு தனியா போகாதீங்க.

4. மேப்ல தேடறப்ப

கால்ஃப்ளோரா சைட்ல செடி பேரைப் போட்டா எந்தெந்த கவுன்டியில பதிவு ஆகியிருக்கு, எந்த மாதிரி செடிக்கூட்டத்துல வளருதுன்னு ரெண்டும் வரும். ஜெப்சன் ஈஃப்ளோராவுல எத்தனை மீட்டர் உசரம், எந்த மாசம் பூக்கும்னு இருக்கும். ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல யாராவது போன வாரம் பூவோட போட்டோ போட்டிருக்காங்களான்னு பாத்துக்கலாம். இந்த மூணையும் ஒண்ணா வெச்சுப் பாத்தா போதும், காசு குடுத்து எந்த ஆப்பும் வாங்க வேண்டாம்.

ஐநேச்சுரலிஸ்ட்ல ஆப் தானா சொல்ற பேரை அப்படியே நம்பாதீங்க. பூ இல்லாத ரைபீஸ் இலையைக் காட்டினா அது அள்ளி விடும். இன்னொண்ணு, அரிய செடியா இருந்தா மேப்ல காட்டற புள்ளியை வேணும்னே பல மைல் தள்ளித்தான் காட்டுவாங்க. டுலாரி கவுன்டி பக்கம் மட்டும் இருக்கற செக்கோயா கூஸ்பெரி அந்த மாதிரி அரிது. தெற்குல இருந்த பாரிஷ் கூஸ்பெரி அழிஞ்சே போயிருக்கும்னு கணக்குல வெச்சிருக்காங்க.

தனியா போக யோசனையா இருந்தா கலிஃபோர்னியா நேட்டிவ் பிளான்ட் சொசைட்டியோட உள்ளூர் சாப்டர் வாக் நடத்தும், பெரும்பாலும் இலவசம், மெம்பரா இல்லாதவங்களும் வரலாம். கூட வர்ற பெரியவங்க அறுபது எழுபது வயசுக்காரங்க, ஒரு செடிக்கு அரைமணி நேரம் நின்னு பேசுவாங்க. நடை தூரம் கம்மி, கத்துக்கறது ஜாஸ்தி. ஆங்கிலம் சரளமா வராதேன்னு கூச்சப்படாதீங்க, கேள்வி கேட்டா அவங்களுக்கு அவ்ளோ சந்தோஷம்.

5. நிலம் யாருது? பேப்பர் விஷயம்

பாக்கறதுக்கும் போட்டோ எடுக்கறதுக்கும் எந்த பெர்மிட்டும் வேண்டாம். கை வெச்சாதான் வம்பு. ஒரே மலையில இந்தப் பக்கம் ஸ்டேட் பார்க், அந்தப் பக்கம் நேஷனல் ஃபாரஸ்ட், நடுவுல தனியார் ராஞ்ச்னு இருக்கும், ரூல் ஒவ்வொண்ணுக்கும் வேற.

கலிஃபோர்னியா பீனல் கோட் (குற்றவியல் சட்டம்) 384ஏ தான் அடிப்படை: உங்களோடது இல்லாத நிலத்துலயோ பொது நிலத்துலயோ செடியை வெட்டறது பிடுங்கறதுக்கு நிலத்துக்காரர் கையெழுத்து போட்ட எழுத்துபூர்வ அனுமதி வேணும். இல்லன்னா 1,000 டாலர் வரை ஃபைன், ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டும். ரோட்டோரம் தானே, யாருக்குத் தெரியப் போகுதுன்னு நெனைக்காதீங்க, ஹைவே ஓர நிலமும் இதுல வருது. விசால இருக்கறவங்க இதுல இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், ஒரு கிளைக்கு ஆசைப்பட்டு ரெக்கார்டுல பேர் வந்துடக் கூடாது.

ஸ்டேட் பார்க், ரீஜனல் பார்க், ஓப்பன் ஸ்பேஸ் (கட்டடம் கட்டாம விட்டு வெச்சிருக்கற பொது நிலம்): பூ, இலை, கிளை எதையும் பறிக்காதீங்க. பழம் பறிக்கலாம்னு அந்த பார்க் போர்டே போட்டிருந்தா ஒழிய பழமும் கிடையாது.

நேஷனல் பார்க்: ஒவ்வொரு பார்க்குக்கும் சூப்பரின்டென்டென்ட் காம்பென்டியம்னு ஒரு பி.டி.எஃப். அவங்க சைட்ல இருக்கும். எந்தப் பழத்தை, எவ்வளவு, கையால பறிச்சு சொந்தமா சாப்பிடலாம்னு அதுல பேர் போட்டு எழுதியிருப்பாங்க. அந்த லிஸ்ட்ல பேர் இல்லன்னா பறிக்கக் கூடாது, அவ்வளவுதான். கேட்ல நிக்கற ஆள்கிட்ட கேட்டா சில சமயம் அவருக்கே தெரியாது, பி.டி.எஃப்-ஐ ஃபோன்ல இறக்கி வெச்சுக்கோங்க, உள்ள சிக்னல் கிடைக்காது.

நேஷனல் ஃபாரஸ்ட்: பழம் பறிக்கணும்னா இதுதான் உங்க இடம். சொந்தமா சாப்பிட கொஞ்சமா பறிக்கறதை பல ஃபாரஸ்ட்ல பெர்மிட் இல்லாமலே விடறாங்க, சிலதுல இலவச பெர்மிட் கேப்பாங்க. ரேஞ்சர் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்கு வார நாள்ல ஃபோன் பண்ணி "பெர்சனல் யூஸ் பெரி பிக்கிங்"னு கேளுங்க, அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவாங்க. சனி ஞாயிறு ஆபீஸ் பூட்டியிருக்க வாய்ப்பு இருக்கு, அதனால வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்டு முடிச்சிடணும். விக்கறதுக்குன்னா தனி பெர்மிட், காசு.

நம்ம ஆளுங்க மறக்கற இன்னொரு பேப்பர்: டீ போட, சாப்பாடு சூடு பண்ண ஸ்டவ் எடுத்துட்டுப் போவோம் இல்லையா, நேஷனல் ஃபாரஸ்ட்ல கேஸ் ஸ்டவ் பத்த வைக்கறதுக்கும் கலிஃபோர்னியா கேம்ப்ஃபயர் பெர்மிட் வேணும். ஆன்லைன்ல ஒரு சின்ன வீடியோ பாத்து கேள்விக்கு பதில் சொன்னா இலவசமா வந்துடும், அந்த வருஷம் டிசம்பர் 31 வரை செல்லும். தீத்தடை உச்சத்துல இருக்கற மாசத்துல பெர்மிட் இருந்தும் ஸ்டவ் கூடாதுன்னு சொல்லலாம், அப்ப ஃபிளாஸ்க்தான்.

லேக் டாஹோ பக்கம் டெசொலேஷன் வில்டர்னெஸ் போறதா இருந்தா ஒரு நாள் நடைக்கே பெர்மிட் உண்டு. டிரெய்ல்ஹெட்ல இருக்கற பெட்டியில நீங்களே எழுதிக் கிழிச்சுக்கலாம், காசு இல்ல.

காலேஜ் ப்ராஜெக்ட், ஆராய்ச்சின்னு சாம்பிள் எடுக்கணும்னா அது வேற ரூட்: ஸ்டேட் பார்க்குக்கு டி.பி.ஆர். 65 ஃபார்ம், நேஷனல் பார்க்குக்கு ரிசர்ச் பெர்மிட். வாரக்கணக்குல இல்ல மாசக்கணக்குல இழுக்கும், பூ சீசனை மனசுல வெச்சு முந்தின வருஷமே அப்ளை பண்ணிடுங்க.

6. செலவு

நேர்மையா சொல்லணும்னா பெட்ரோல்தான் செலவு. டில்டன் கார்டன் இலவசம். சான் ஃபிரான்சிஸ்கோ தீபகற்பத்துல மிட்பெனின்சுலா ஓப்பன் ஸ்பேஸ் இடங்களுக்கு என்ட்ரியும் இல்ல பார்க்கிங் காசும் இல்ல, ஹாஃப் மூன் பே பக்கம் பூரிசிமா க்ரீக் ரெட்வுட்ஸ் அதுல ஒண்ணு. ரெட்வுட்னு சொன்னதும் எல்லாரும் மியூர் வுட்ஸ் ஓடறாங்க, அங்க பார்க்கிங்கை முன்கூட்டியே ரிசர்வ் பண்ணாம கார்ல போகவே முடியாது, அதுக்கு ஒரு காசு, உள்ள போக பெரியவங்களுக்கு ஆளுக்கு 15 டாலர். கூஸ்பெரிக்காக அது தேவையே இல்ல.

ஸ்டேட் பார்க் காருக்கு 10 டாலர் வாக்குல. உங்க ஊர் பப்ளிக் லைப்ரரியில ஸ்டேட் பார்க் பாஸ் கடனா தர்றாங்களான்னு கேளுங்க, லைப்ரரி கார்டு இருந்தா போதும், ஆனா க்யூ நீளம். நேஷனல் ஃபாரஸ்ட்டுக்கு நுழைவுக் கட்டணம்னு ஒண்ணு கிடையாது, தெற்குல இருக்கற ஏஞ்சலஸ், க்ளீவ்லேண்ட், லாஸ் பாட்ரெஸ், சான் பெர்னார்டினோ நாலுலயும் சில இடங்கள்ல கார் நிறுத்த அட்வென்ச்சர் பாஸ் கேப்பாங்க: நாளுக்கு 5 டாலர், வருஷத்துக்கு 30.

யோசெமிட்டி காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். வருஷ பாஸ் 80 டாலர், ஆனா 2026 ஜனவரியிலேர்ந்து அந்த விலை அமெரிக்காவுல குடியிருக்கறவங்களுக்கு மட்டும், அதுக்கு இங்க அரசாங்கம் குடுத்த போட்டோ ஐ.டி. காட்டணும், உங்க டிரைவர் லைசன்ஸ் போதும். இங்க குடியில்லாம வெளிநாட்டுலேர்ந்து சுத்திப் பாக்க வந்தவங்களுக்கு அதே பாஸ் 250 டாலர். அப்படி வந்தவங்ககிட்ட பாஸ் இல்லன்னா யோசெமிட்டி, செக்கோயா உட்பட 11 பார்க்ல 16 வயசும் அதுக்கு மேலயும் இருந்தா ஆளுக்கு 100 டாலர் கூடுதல். அம்மா அப்பா, மாமனார் மாமியார் விசிட்டர் விசால வந்திருக்கப்ப இத யோசிக்காம கேட் வரைக்கும் போயிடாதீங்க. சியரா கூஸ்பெரி பாக்க மட்டும்னா ஹைவே 4, 108 பக்கம் ஃபாரஸ்ட்லயே காசில்லாம பாத்துடலாம், அதே காடுதான், கூட்டமும் இல்ல.

7. பாய்சன் ஓக், உண்ணி: இத விட்டுடாதீங்க

ஹில்சைட் கூஸ்பெரி இருக்கற இடத்துல பாய்சன் ஓக் இல்லாம இருக்கவே இருக்காது, ரெண்டும் பின்னிக்கிட்டே வளரும். பட்டா ரெண்டு வாரம் அரிப்பு, கொப்புளம், தூக்கம் போயிடும். பாய்சன் ஓக்குக்கு ஒரு காம்புல மூணு சிற்றிலை, பளபளன்னு இருக்கும், முள்ளு கிடையாது. கூஸ்பெரிக்கு ஒரே இலை, பிளவுபட்டது, கணுவுல முள்ளு. இலை இருக்கறப்ப ஈஸி. குளிர்காலத்துல பாய்சன் ஓக் இலையெல்லாம் கொட்டி மொட்டைக் குச்சியா நிக்கும், அப்பவும் அந்த எண்ணெய் தண்டுல இருக்கும், கூஸ்பெரி பூக்க ஆரம்பிக்கறதும் சரியா அப்பதான். அதனால முள்ளு இல்லாத மொட்டைக் குச்சி எதையும் தொடாதீங்க. இலையைத் திருப்பிப் பாக்கறதுக்கு முன்னாடி அது எந்தக் கிளையிலேர்ந்து வருதுன்னு கண்ணால கீழ வரைக்கும் போய்ப் பாத்துட்டு அப்புறம் கையை நீட்டுங்க.

பட்டுடுச்சுன்னு சந்தேகம் வந்தா சீக்கிரமா சோப்பு போட்டு நிறைய தண்ணியில கழுவுங்க, பாத்திரம் தேய்க்கற சோப்பு நல்லா வேலை செய்யும், டெக்னூன்னு ஒரு லோஷன் ஃபார்மசியில கிடைக்கும், காருல ஒண்ணு போட்டு வைங்க. துணி, ஷூ லேஸ், நாய் முடி எல்லாத்துலயும் அந்த எண்ணெய் ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வரும்.

உண்ணி மழைக்காலத்துலயும் வசந்தத்துலயும் ஜாஸ்தி, பூ சீசனும் அதேதான். வெளிர் கலர் ஃபுல் பேன்ட், பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்கோங்க, அசிங்கமா இருந்தாலும் பரவால்ல. வந்ததும் குளிச்சு முட்டிக்குப் பின்னாடி, இடுப்பு, காதுக்குப் பின்னாடி பாருங்க, லைம் நோய் பரப்பற வகை இங்க இருக்கு. வெயில் ஏறினா பாம்பு, புதருக்கு அடியில கண்ணு பாக்காத இடத்துல கை விடாதீங்க.

8. எந்த மாசம் எங்க

ஜனவரி, பிப்ரவரி: ஹில்சைட், தெற்குல ஃப்யூஷா. பிப்ரவரி முதல் ஏப்ரல்: கேன்யன், ஓக். மே, ஜூன்: சியரா நடுமலை பூ. ஜூன் கடைசி, ஜூலை: மேல் மலை பூ. பழம் கடலோரத்துல மே கடைசியிலேர்ந்து, சியராவுல ஜூலை கடைசி முதல் செப்டம்பர். மழை லேட்டானா எல்லாமே லேட்டாகும்.

சோனோரா பாஸும் டியோகா ரோடும் பனிக்காலம் முழுக்க மூடியிருக்கும், பனி அதிகமான வருஷம் ஜூன் தாண்டியும் திறக்காது. கால்டிரான்ஸ் (மாநில ரோடு டிபார்ட்மென்ட்) சைட்ல ரோடு நிலவரம் பாக்காம ஹோட்டல் புக் பண்ணாதீங்க, ரீஃபண்ட் இல்லாத ரூமா இருந்தா போச்சு.

9. போட்டோ இப்படி எடுங்க

ஆப்ல போட்டா பேர் தெரிஞ்சவங்க உறுதி பண்ணணும்னா பூவை மட்டும் எடுத்துப் பிரயோஜனம் இல்ல. கணுவும் முள்ளும் தெரியற மாதிரி ஒண்ணு, இலையோட அடிப்பக்கம் ஒண்ணு, பூவை பக்கவாட்டுல ஒண்ணு, அப்புறம் நாலடி பின்னாடி தள்ளி நின்னு செடியும் அதுக்கு மேல இருக்கற மரமும் சரிவும் சேத்து ஒண்ணு. கடைசி போட்டோவைத்தான் யாரும் எடுக்க மாட்டாங்க, எனக்கு அதுதான் ரொம்ப உதவியிருக்கு, அடுத்த மலையில அதே மாதிரி ஒரு ஓரத்தைப் பாத்ததும் "இங்க இருக்கணுமே"ன்னு தோணறது அதுலேர்ந்துதான் வருது.

10. பறிச்சா, வீட்டுல வெச்சா

பேர் உறுதியானப்புறம் மட்டும் வாயில வைங்க. பக்கத்துலயே நிக்கற ஸ்னோபெரியோட வெள்ளைப் பழம் ஆகாது, குழந்தைங்க கூட வந்தா முதல்ல அத காட்டி சொல்லிடுங்க. சியரா கூஸ்பெரிக்கு தோல் கிளவுஸ் வேணும், பழத்தை நடுவுல கீறி உள்ள இருக்கறதை பிதுக்கி எடுத்துக்கணும், இல்லன்னா வேக வெச்சு வடிகட்டி சர்க்கரை போட்டு ஜாம். நல்ல புளிப்பு, ஒரு மிளகாயும் உப்பும் சேத்து தொக்கு மாதிரி கிளறினா தயிர்சாதத்துக்கு பிரமாதம். கரடிக்கும் பறவைக்கும் இதுதான் சாப்பாடு, புதரை மொட்டையடிக்காதீங்க.

வீட்டுல வளக்கணும்னா காட்டுலேர்ந்து கிளை கொண்டு வர வேண்டாம், நர்சரியில ஒரு காலன் தொட்டி 15, 20 டாலருக்குள்ள கிடைக்கும். எல்.ஏ.ல தியோடர் பேய்ன் ஃபவுண்டேஷன் நர்சரி, பே ஏரியாவுல நேட்டிவ் பிளான்ட் சொசைட்டி சாப்டர்கள் அக்டோபர் வாக்குல போடற சேல். மழைக்கு முன்னாடி நடுங்க, பாதி நிழல்ல. ஃப்யூஷா கூஸ்பெரிக்கு கோடையில அடிக்கடி தண்ணி ஊத்தி கொன்னுடாதீங்க, இலை கொட்டறது அதோட சுபாவம். கிழக்கே மாநிலம் மாறிப் போறவங்க விசாரிக்காம தொட்டியோட எடுத்துட்டுப் போகாதீங்க, நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன், மாசச்சூசெட்ஸ் மாதிரி இடங்கள்ல அந்த பைன் நோயால ரைபீஸ் வளக்கறதுக்கே கட்டுப்பாடு இருக்கு.

ஊட்டியில வருமா, விதை கொண்டு போலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. இந்தியாவோட பிளான்ட் குவாரன்டைன் ஆர்டர் 2003 படி விதைக்கும் செடிக்கும் முன்கூட்டியே வாங்கின இம்போர்ட் பெர்மிட்டும், இங்க அரசாங்கம் குடுக்கற ஃபைட்டோசானிட்டரி சர்டிஃபிகேட்டும் (செடியில பூச்சி, நோய் இல்லன்னு சொல்ற சான்று) வேணும். பெட்டிக்குள்ள டிஷ்யூல சுத்தி கொண்டு போறது வேண்டாம், சென்னை ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்க. ஜாம் பாட்டிலா கொண்டு போங்க, செக்-இன் பேக்ல.